புகையை விட்டார் பெறும் பேறு

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இவ்விழாவிலே பேசவேண்டுமென்று செயலாளர் தம்பி வந்து கேட்டபோது, சைவ சித்தாந்தம், மணிமேகலை, பண்ணிசை என மூன்று பொருள்களைச் சொல்லி, "ஐயா விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்" என்றார். நான் நாலாவதாக ஒன்றைச் சொன்னேன்: புகைத்தலை விடுதல். தம்பியின் முகம் சற்று மாறியது. "சபையிலே பெரியவர்களும் இருப்பார்களே, ஐயா" என்று தயங்கினார். அவர்கள் இருப்பதனாலேதான் சொல்ல விரும்புகிறேன் என்றேன்.

நான் புகைத்தவனல்லன். ஆகையால் விடுவதன் துன்பத்தை அனுபவித்தவன் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் விட்டவர்களையும், விட முயன்று மீண்டவர்களையும், விடாமலே போய்ச் சேர்ந்தவர்களையும் அருகிருந்து பார்த்தவன். பள்ளிக்கூடத்திலே முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன். அந்த அளவிலே என் பேச்சை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தான் ஒருவன் மேடையேறிப் புகையிலையை ஏசுவதென்றால் அவன் கொஞ்சம் யோசித்துத்தான் ஏச வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணிலே துலா மிதித்து, பட்டி மாட்டெருவும் குழையும் தாட்டு, கன்றுக்குக் கன்று தண்ணீர் வார்த்து வளர்த்த அந்த இலையே எத்தனையோ வீடுகளுக்குச் சுவரும் கூரையும் ஆயிற்று. பெண்பிள்ளைகளுக்குச் சீதனமும், ஆண்பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சம்பளமும் அதிலிருந்தே வந்தன. எங்கள் தீவிலே மண் உவர், கமம் குறைவு, ஆகையால் எம்மவர் கடைத்தொழிலை நாடித் தெற்கே போயினர். சிங்கள நாட்டுப் பட்டினங்களிலே தீவார் வைத்திருந்த சுருட்டுக் கடைகளை அறியாதவர் இல்லை. அக்கடைகளிலிருந்து வந்த காசுக்கட்டளையிலே வளர்ந்தவர்கள் இச்சபையிலும் இருக்கிறார்கள். இதை மறந்து பேசினால் நன்றி மறந்தவராவோம். ஆயினும், ஒரு பண்டம் எமக்குச் சோறு போட்டது என்பதற்காக அது எம்மைக் கொல்லவும் உரிமை பெற்றதாகிவிடாது.

"எங்கள் முன்னோர் செய்த பழக்கம்" என்று சிலர் சொல்வர். எந்த முன்னோர்? இவ்விலை இந்நாட்டுக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களுடையது. 1492 ஆம் ஆண்டிலே கொலம்பசு அங்குப் போய்ச் சேர்ந்த பின்னரே ஐரோப்பியர் இதனை அறிந்தனர். அதன் பின்னரே போர்த்துக்கேயர் கீழைத் தேசங்களுக்குக் கொண்டுவந்தனர். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயர் கைக்குப் போயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணப் புகையிலை கடல்கடந்து திருவிதாங்கூருக்குப் போகும் பெரும் பண்டமாயிருந்தது. சம்பந்தரும் அப்பரும் மணிவாசகரும் இந்தப் புகையைக் கண்டிலர். சங்கிலியன் காலத்துக்கு முந்திய எந்தத் தமிழ் அரசன் அவையிலும் சுருட்டுப் புகையவில்லை. எங்கள் பரம்பரையின் நீளத்தோடு ஒப்பிட்டால் இது நேற்று வந்த விருந்தாளி.

ஆனால் வந்த விருந்தாளிக்குத் தமிழ்ப் புலவர் கொடுத்த மரியாதை சிறிதன்று. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் ஒருவர், பழனி முருகனிடத்தே புகையிலையைத் தூது விட்டு ஒரு பிரபந்தமே பாடிவிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்து வெளியிட்டிருக்கிறார். அதிலே ஒரு வேடிக்கைக் கதை வருகிறது. மும்மூர்த்திகளுக்கும் மூன்று இலைகள் கொடுக்கப்பட்டனவாம். சிவனுடைய வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்று. திருமாலுடைய துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமனுடைய இலை மட்டும் போகவில்லை. ஆகவே அது போகையிலை. அதுவே புகையிலை ஆயிற்று என்பது கதை. பிரமபத்திரம் என்ற பெயரும் அப்படி வந்ததாம். புலவர் அதைப் புகழ்ச்சியாகச் சொன்னார். நான் அதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை வந்தால் போகாத இலை என்பதைக் காட்டிலும் இதற்குப் பொருத்தமான இலக்கணம் வேறில்லை.

அது ஏன் போவதில்லை? புகையிலையில் உள்ள நிக்கொட்டின் என்ற சரக்கு, புகையை இழுத்த பத்து விநாடியளவிலே மூளையை எட்டிவிடுகிறது. எட்டியதும் ஒரு சிறு தெளிவு, ஒரு சிறு ஆறுதல் தோன்றும். இரண்டு மணித்தியாலத்துக்குள் அதன் அளவு இரத்தத்திலே பாதியாகக் குறைகிறது. குறையக் குறையக் கை நெருப்புப்பெட்டியைத் தேடுகிறது. "சுருட்டுப் பற்றினால்தான் எனக்கு மனம் அமைதியாகிறது" என்பவரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முன் பற்றிய சுருட்டு உண்டாக்கிய தவிப்பையே பின் பற்றிய சுருட்டு தணிக்கிறது. செருப்புக் கடிக்கும் காலுக்கு, அச்செருப்பைக் கழற்றும்போது வரும் சுகம் போன்றது அது. கழற்றியதை மறுபடியும் மாட்டிக்கொள்வதுதான் பரிதாபம்.

இனி, இதன் கேட்டை உலகம் எவ்வாறு ஐயமற அறிந்தது என்பதைச் சொல்கிறேன். இளைஞர்கள் கவனமாகக் கேட்கவேண்டிய வரலாறு இது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலே இங்கிலாந்தில் சுவாசப்பைப் புற்றுநோய் பெருகிக்கொண்டு வந்தது. காரணம் தெரியவில்லை. ரிச்சட் டோல், ஒஸ்ரின் பிராட்போட் ஹில் என்னும் இருவர் இலண்டன் நகரத்து இருபது ஆசுபத்திரிகளிலே நோயாளரை விசாரித்தனர். தொடக்கத்திலே டோல் சந்தேகித்தது சிகரெட்டையன்று. வீதிகளுக்குப் போடும் தாரையும் மோட்டார் வண்டிகளின் புகையையும். கணக்கெடுத்துப் பார்த்தால், சுவாசப்பைப் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இரண்டே இரண்டு பேர்! 1950 ஆம் ஆண்டிலே இந்த முடிவு வெளிவந்தது. டோல் தாமும் புகைப்பவர். கணக்கு முடியுமுன்னரே அவர் புகைத்தலை விட்டுவிட்டார். பின்னர் தொண்ணூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்து 2005 இல் மறைந்தார்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1951 இலே பிரித்தானிய டொக்டர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அவரவர் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள். ஏறக்குறைய நாற்பதினாயிரம் பேர் மறுமொழி எழுதினார்கள். அவர்களிலே ஆண்களாயிருந்த முப்பத்து நாலாயிரம் பேரையும் ஐம்பது வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். யார் எப்போது இறந்தார், எதனால் இறந்தார், யார் இடையிலே விட்டார் என்பதெல்லாம் குறிக்கப்பட்டன. சித்திரபுத்திரனார் கணக்கு என்று நாங்கள் சொல்வோமே, அதற்கு ஒப்பான கணக்கு. அதன் முடிவு 2004 இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர்கள் புகையாதவர்களைக் காட்டிலும் சராசரி பத்து வருடம் முந்தி இறந்தார்கள்.

இது கேடு. நான் பேச வந்தது பேறு. அதே கணக்கிலே அதுவும் இருக்கிறது. அறுபது வயதில் விட்டவர் மூன்று வருட ஆயுளை மீட்டார். ஐம்பதில் விட்டவர் ஆறு வருடம் மீட்டார். நாற்பதில் விட்டவர் ஒன்பது வருடம். முப்பதில் விட்டவரோ அந்தப் பத்து வருடத்தையும் ஏறக்குறைய முழுதாகவே மீட்டுக்கொண்டார். பெரியோர்களே, "இவ்வளவு காலம் பிடித்தாயிற்று, இனி விட்டென்ன விடாமலென்ன" என்று சாய்மனைக் கதிரையிலே சாய்ந்துகொண்டு சொல்கிறீர்களே, அதற்கு இந்தக் கணக்கே மறுமொழி. அறுபதிலே மூன்று வருடம் என்பது அற்பமா? மூன்று வருடத்திலே ஒரு பேரப்பிள்ளை நடக்கப் பழகி, பேசப் பழகி, உங்கள் மடியிலிருந்து ஏடு தொடக்கியும் விடுவான்.

விவேகானந்த சுவாமிகளும் புகைத்தவர்தாமே என்று இளைஞர் ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். ஆனால் சுவாமிகள் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளியது 1897 ஆம் ஆண்டு தைமாதம். நான் சொன்ன ஹில் என்பவர் பிறந்ததே அவ்வருடம் ஆடியிலேதான். அக்காலத்துப் பெரியோருக்கு இக்கணக்குக் கிடைக்கவில்லை. எமக்குக் கிடைத்திருக்கிறது. காந்தியடிகளை வேண்டுமானால் உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1927 ஆம் ஆண்டு கார்த்திகையிலே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பில் இங்கு வந்தவர் அவர். சிறுவனாயிருந்த காலத்திலே சிற்றப்பன் எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், பீடி வாங்க வேலைக்காரனுடைய சில்லறையைக் களவாடியதையும் தம் சத்திய சோதனையிலே ஒளியாமல் எழுதியிருக்கிறார். வளர்ந்த பின் அந்த ஆசை அவரை ஒருபோதும் அணுகவில்லை. புகைப்பவர் நிறைந்த புகைவண்டிப் பெட்டியிலே இருப்பதே அவருக்கு மூச்சு முட்டியது. நான் இங்கே கவனிக்கச் சொல்வது களவை. பிள்ளைக்குப் பீடிக்குக் காசு கொடுப்பார் இல்லை. ஆகவே ஒரு பழக்கம் இன்னொரு பழக்கத்தைக் கைபிடித்து அழைத்து வருகிறது.

இவையெல்லாம் வெளியூர்க் கதை. எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் அம்மான் ஒருவர். பெயர் வேண்டாம். பதினான்கு வயதிலே உறவினர் ஒருவரின் சுருட்டுக் கடைக்குத் தெற்கே போனவர். கோடா மணக்கும் கடையிலே, சுருட்டு மலைக்கு நடுவே, சுருட்டுக்கு விலை கேட்பார் இல்லாத இடத்திலே வளர்ந்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்குப் பத்துச் சுருட்டுக்குக் குறையாது. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் கடையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது.

அம்மானுக்கு ஒரு சிறப்பு இருந்தது. கந்தபுராணம் படிப்பதில் வல்லவர். கோயிலிலே புராணப்படிப்பு என்றால் ஏடு அவர் கைக்குத்தான் போகும். அவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். கடையிலிருந்து லீவிலே வரும்போதெல்லாம் படிப்பார். ஊரோடு வந்த வருடம், சூரன்போருக்கு முந்திய ஒரு நாள், ஒரு பாட்டின் நடுவிலே அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. இருமல். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்; மறுபடியும் இருமல். பயன் சொல்பவர் ஒன்றும் பேசாமல் பக்கத்திலிருந்த ஒரு பெடியனிடம் ஏட்டை நகர்த்தினார். அவமதிப்பாகச் செய்யவில்லை, அன்பாகத்தான் செய்தார். ஆனால் அம்மான் அன்றிரவு சோறு தின்னவில்லை என்று மாமி சொன்னார்.

அவர் சபதம் ஒன்றும் போடவில்லை. கற்பூரம் அணைக்கவில்லை. அடுத்தநாள் விடியற்காலை, கொட்டில் இறப்பிலே செருகி வைத்திருந்த குறைச்சுருட்டுகளை எல்லாம் தேடி எடுத்துக் கொண்டுபோய் எருக்கிடங்கிலே போட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. "விட்டுவிட்டேன்" என்று சொன்னால் ஊரார் எண்ணத் தொடங்குவார்கள், எண்ணத் தொடங்கினால் எனக்கு ரோசம் வந்து பற்றிவிடுவேன் என்பது அவர் கணிப்பு. மனம் எழும்பும்போதெல்லாம் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளுவார். ஒரு மிடறு குடிப்பார். மிச்சத்தை வாழைக்கு ஊற்றுவார். அவ்வருடம் அந்த வாழை போட்ட குலை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் அறியாமலே செய்தது சரியான வைத்தியம். ஏனெனில் அந்த ஆவல் சில நிமிடங்களுக்கு மேல் ஒரே வேகத்தோடு நிற்பதில்லை. கடலிலே எழும் அலை கரையிலே உடைந்துதான் தீரவேண்டும். அது உடையும் வரைக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவே.

முதல் மூன்று நாளும் கடுமை. வீட்டிலே சட்டி உடையாத குறை. சாப்பாட்டிலே உப்பில்லை என்று ஒரு சண்டை. உப்புக் கூடிவிட்டது என்று இன்னொன்று. மாமி பொறுத்துக்கொண்டார். ஒரு மாதம் அவர் தேத்தண்ணீர்க் கடை வாங்கிலுக்குப் போகவில்லை. அங்கே போனால் ஒரு சுருட்டு நீளும் என்று தெரியும். மூன்றாம் கிழமையிலே ஒரு புதுச் சோதனை வந்தது. இருமல் கூடிற்று! "நீர் திடீரென விட்டதுதான் பிழை, ஒன்றைப் பற்றும், இருமல் நிற்கும்" என்று வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. இவ்விடத்திலேதான் பலர் தோற்கிறார்கள். எங்கள் சுவாசக் குழாயின் உட்சுவரிலே மயிரினும் மெல்லிய இழைகள் உண்டு. தூசையும் சளியையும் மேலே மேலே தள்ளித் துப்புரவாக்குவது அவற்றின் தொழில். புகை அவற்றை மயக்கிச் செயலற்றுப் போகச் செய்துவிடும். விட்டபின் அவை விழித்தெழுந்து, வருடக்கணக்காகக் கூட்டாத வீட்டைக் கூட்டத் தொடங்குகின்றன. கூட்டும்போது தூசு எழும்பாதா? அந்த இருமல் குணமாவதன் அடையாளம்.

புகையிலைக் குடிலைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பச்சை இலையைக் குடிலிலே தொங்கவிட்டு, பொச்சுமட்டையை மூட்டிப் புகை போட்டால் அது கறுத்துச் சுருங்கிப் பதமாகிறது. இருபது முப்பது வருடமாக நெஞ்சுக்குள்ளே அதே குடிலைப் போட்டுக்கொண்டிருப்பவர், உள்ளே தொங்குவது எதுவென்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். புகையிலே வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு, இரத்தத்திலே ஒட்சிசன் ஏறவேண்டிய ஆசனத்திலே தான் ஏறிக் குந்திக்கொள்கிறது. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது. கடலிலே மூச்சடக்கும் சுழியோடிகள் வாழ்ந்த தீவு வட்டாரம் இது. மூச்சின் விலை எமக்குத் தெரியாததன்று.

விட்டவுடனே உடம்பு தன் வேலையைத் தொடங்குகிறது. இருபது நிமிடத்திலே நாடித் துடிப்பு இறங்குகிறது. நான் சொன்ன நச்சுவாயு ஒரு நாளுக்குள்ளே இரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. சில கிழமைகளில் நடை இலேசாகிறது. ஒரு வருடம் சென்றால், புகையினால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்துப் பாதியாகக் குறைகிறது. பத்து வருடத்திலே சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, விடாமல் புகைப்பவருக்குள்ளதில் ஏறக்குறையப் பாதிக்கு வருகிறது. பதினைந்து வருடம் சென்றால் இருதயத்தைப் பொறுத்தமட்டில் புகையாதவனோடு ஒப்ப நிற்கலாம். முற்றாகச் சிதைந்துபோன சுவாசப்பைத் திசு மீண்டும் முளைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆனால் மேலும் சிதைவது மந்தமாகும்.

அம்மானுக்கு இந்தக் கணக்கொன்றும் தெரியாது. அவர் முதலிலே கண்ட பேறு மூக்கிலே. ஒரு நாள் முற்றத்திலே நின்று, "பிள்ளை, ஆர் வீட்டிலே ஒடியற்கூழ் காய்ச்சுகினம்?" என்று கேட்டாராம். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருடமாக அந்த மனிதர் கறி மணத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மறு வருடம் புராணப்படிப்புக்கு ஏடு மீண்டும் அவர் கைக்கு வந்தது. முன்னைய கணீரென்ற குரல் முழுதும் வந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் பாட்டை ஒரே மூச்சிலே கொண்டுபோய் முடித்தார். தொண்ணூறுகளிலே ஊரவர் பலர் இடம்பெயர்ந்து, இருந்ததையெல்லாம் இழந்து, விட்டவர்களும் ஆற்றாமையாலே மறுபடி புகைக்கத் தொடங்கிய காலத்திலும் அவர் தொடவில்லை. எண்பது வயதுவரை படித்தார். எண்பத்தாறிலே காலமானார். கடையிலே அவரோடு கூட இருந்த மற்ற இருவரும் எழுபதைக் காணவில்லை. ஒரு வீட்டுக் கதையைக் கொண்டு விதி வகுக்கக்கூடாது என்பது விஞ்ஞானம் படிப்பித்தவனுக்குத் தெரியும். விதியை டோல் சொன்னார். நான் ஆளைக் காட்டினேன்.

நிற்க. அம்மானைப் போல எல்லாரும் ஒரே முறையிலே விட்டுவிடுவதில்லை. பலர் நாலைந்து முறை முயன்றே விடுகிறார்கள். ஒருமுறை வழுக்கியவன் தோற்றவனல்லன். எவ்விடத்திலே வழுக்கும் என்று அறிந்துகொண்டவன். மனவுறுதி மட்டும் போதாதென்று கண்டால் ஆசுபத்திரிக்குப் போகலாம். நிக்கொட்டினைச் சிறிது சிறிதாகத் தோல்வழி கொடுக்கும் ஒட்டுத்துண்டும், மெல்லும் பசையும், வேறு குளிசைகளும் உண்டு. அவை விடுவோரின் வெற்றியைக் கூட்டுகின்றன என்று நிறுவப்பட்டிருக்கிறது. மருந்தை நாடுவது வெட்கமன்று.

எங்களுக்கோ அதற்கு மேலும் ஒரு துணை கைக்குள்ளேயே இருக்கிறது. விரதம் பிடிக்கத் தெரிந்த சனங்கள் நாங்கள். ஆனியிலே அம்பாளுக்குக் கொடி ஏறினால் வீட்டிலே மச்சம் இல்லை. சட்டிபானை கழுவிக் கவிழ்த்தாயிற்று. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஏறக்குறைய இரண்டு கிழமை, ஒருவரும் வற்புறுத்தாமலே எத்தனை பேர் சுருட்டையும் ஒதுக்கி வைக்கிறார்கள்! ஐயப்பனுக்கு மாலை போட்டவர் நாற்பத்தொரு நாள் தொடுவதில்லை. எங்கள் தீவிலே வாழும் இசுலாமியச் சகோதரர் நோன்பு மாதம் முழுதும் பகலிலே தொடுவதில்லை. நிக்கொட்டின் தவிப்பின் உச்சம் முதல் மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள்ளே. இரண்டு முதல் நாலு கிழமைக்குள் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அப்படியானால் கடினமான வேலை முழுவதையும் திருவிழாவுக்குள்ளேயே செய்து முடித்துவிட்டோமே! கடலை நீந்திக் கரைக்கு வந்தவன், தீர்த்தம் முடிந்த மாலையிலே கடைவாசலில் நின்று ஒன்றைப் பற்றவைத்து, மறுபடியும் கடலுக்குள் இறங்குகிறான். மலைக்குப் போய் மாலை கழற்றிய கையோடு அந்த ஒன்றுக்காக ஓடியவர்களையும் கண்டிருக்கிறேன். உடம்பு கேட்டதனால் அல்ல. விரதம் முடிந்தது என்று மனம் எண்ணியதனால்.

இளைஞர்களே, காசுக் கணக்கையும் பாருங்கள். ஒரு சிகரெட்டு நூறு ரூபாவைத் தாண்டிய காலம் இது. நூறென்றே வைத்து, நாளுக்கு ஐந்தென்று கொண்டால், வருடத்துக்கு 182,500 ரூபா புகையாய்ப் போகிறது. பத்து வருடத்துக்குப் பதினெட்டு இலட்சத்துக்கு மேல். அன்னதானத்துக்கு நூறு ரூபா கேட்டால் சட்டைப்பையைத் தடவும் கைதான் இதையும் கொடுக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்; அது கோள்.

"நான் புகைப்பதில்லை, வெற்றிலைதான்" என்று ஆறுதல் கொள்ளும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். எங்கள் புகையிலை நூற்றாண்டுக் கணக்காகப் போய்ச் சேர்ந்த திருவிதாங்கூரிலே, வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி ஓர் என்னும் டொக்டர் 1933 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இலங்கையிலே ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையிலே நிற்கிறது. புகையிலையைத் துப்பிவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லலாமே என்றால், பாக்கும் தன்னளவிலே புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக நிபுணர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். வாய்க்குள்ளே ஆறாத புண்ணோ, வெள்ளைத் தழும்போ, வாய் திறக்க இறுக்கமோ கண்டால் நாள் கடத்தாமல் காட்டுங்கள். ஆரம்பத்திலே கண்டால் குணமாக்கக்கூடிய நோய் அது.

இப்போது பெரியோர்களிடம் நேரே வருகிறேன். தம்பியின் முகம் மாறியதும் இதற்காகத்தான் இருக்கும். "மோனை, ஓடிப்போய் கடையிலே இரண்டு சுருட்டு வாங்கிக்கொண்டு வா" என்று பத்து வயதுப் பேரனை அனுப்புகிறோம். சிலர், "அடுப்பிலே கொளுத்திக்கொண்டு வா" என்றும் சொல்லுவர். கொளுத்துவதற்கு ஒரு இழுப்பு இழுக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அந்த முதலிழுப்பிலேயே பலருடைய பழக்கம் தொடங்கியிருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். ஆகவே நாங்கள் பேரனைக் கடைக்கு அனுப்பும்போது, சுருட்டு மட்டுமா வாங்குகிறோம்? கடைக்காரரைக் குற்றவாளியாக்கி, அதைப் பேரனுக்கும் பார்த்துப் பழகக் கொடுக்கிறோம். எங்கள் தீவின் கடைக்காரர்கள் அந்நியரல்லர், மாமன் மச்சான்மார். "அப்புவுக்கு" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் இல்லையென்று அனுப்ப அவர்களுக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தை நாங்கள்தான் தீர்த்து வைக்கவேண்டும். சுருட்டு வேண்டியவர் தாமே எழுந்து நடந்து போய் வாங்கட்டும். முழங்கால் நோவே பாதி வைத்தியம் செய்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு விண்ணப்பம். விமான நிலையத்திலே வரியில்லாமல் கிடைக்கிறதென்று சிகரெட்டுப் பெட்டிகளை வாங்கிவந்து, கூடப்படித்தவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறீர்கள். அன்பு புரிகிறது. கனடாவிலும் இலண்டனிலும் கட்டடத்துக்கு வெளியே குளிரிலே நின்று புகைக்கவேண்டியிருக்கிறதே என்று நீங்களே அலுத்துக்கொள்கிறீர்கள். அந்த அலுப்பை ஏன் கட்டிச் சுமந்து குறிகட்டுவான் துறையாலே வள்ளத்தில் ஏற்றி வருகிறீர்கள்? ஒரு நல்ல பேனையோ, வாசிகசாலைக்கு ஒரு புத்தகமோ போதும்.

பெண்களுக்குச் சொல்ல ஒன்றே உண்டு. வீட்டிலே ஒருவர் விட முயலும்போது முதற்கிழமை அவர் பேசும் பேச்சை அவர் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "முந்தியும் விடுவேன் என்று சொன்னவர்தானே" என்ற ஒரு வாக்கியம், கடைவாசலுக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு போக வல்லது. பசி கூடும், உடம்பும் சில கிலோ கூடலாம். அதைக் கேலி செய்ய வேண்டாம். கச்சானோ, பனங்கிழங்கோ கைக்கெட்டும் இடத்திலே இருக்கட்டும்.

சங்கத்தாரோடு கலந்து பேசியதிலே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஆனியிலே கொடியேற்றத்துக்கு முதல்நாள் மாலை, விட விரும்புகிறவர்கள் வாசிகசாலைக்கு வரலாம். பெயர் பதிவதில்லை; படம் பிடிப்பதில்லை; பத்திரிகைக்கு எழுதுவதுமில்லை. அம்மானைப் போல ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டிலிருந்தே தொடங்குவோரும் தொடங்கலாம். தீர்த்தத்தன்று மாலைதான் ஆபத்தான மாலை என்று சொன்னேன் அல்லவா? அன்று ஐந்து மணி தொடக்கம் வாசிகசாலை திறந்திருக்கும், தேத்தண்ணீர் இருக்கும், கந்தபுராணத்திலே ஒரு படலம் படிப்போம். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆவணி முடியும் வரை அதே நேரம் கூடுவோம். வருகிறவர்கள் மடியிலே மிச்சமிருக்கும் சுருட்டையோ சிகரெட்டையோ கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கும் வாளித் தண்ணீரிலே போடலாம். நெருப்புப்பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விளக்கேற்றச் சங்கத்திலே ஒன்று இருக்கிறது.